இருபத்து நான்காவது ஊசி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது. தேதி 17 ஏப்ரல் 1997, வியாழக்கிழமை. ஒவ்வொரு வரியிலும் ஓர் அறையின் பெயர், மீட்டர் காட்டிய அளவு, நேரம். எல்லாம் என் கையெழுத்து. கடைசி வரியில் 2.41 என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு பேனா கோணலாக இழுத்துக்கொண்டு காகிதத்தின் விளிம்பு வரை போயிருக்கிறது.

ராத்திரி இல்லை. பிற்பகல் 2.41. வெளியே ஏப்ரல் வெயில். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து கூப்பிடு தூரம்.

அந்த நர்சிங் ஹோமின் பெயரை எழுத மாட்டேன். புற்றுநோய்க்கு ரேடியம் ஊசி வைத்துப் பார்த்த இடம். தையல் ஊசியைவிடக் கொஞ்சம் பருமனான சின்ன உலோகக் குழாய், உள்ளே ரேடியம். கட்டியில் சில நாள் குத்தி வைத்து, பிறகு எடுத்துக் கழுவி, எண்ணி, ஈயப் பெட்டியில் பூட்டுவார்கள். ஆயிரம் வருஷம் போனாலும் அதன் வீரியம் பாதிகூடக் குறையாது.

1995-இல் அதை மூடிவிட்டார்கள். இப்படிப்பட்ட கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட முடியாது. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி அமைப்பிலிருந்து வந்த வழிகாட்டிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊசிக்கும் பதிவு இருக்க வேண்டும். காலி செய்தபின், அங்கே வேலை பார்க்காத வெளி ஆள் ஒருவர் வந்து அளக்க வேண்டும். முதலில் கதிர்வீச்சு படாத ஓர் இடத்தில் இயற்கையாக உள்ள அளவைக் குறித்துக்கொண்டு, பிறகு உள்ளே எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். இன்று நாம் அனுபவித்ததன் சுமையை நாளை வருகிறவர்கள் தலையில் வைக்கக் கூடாது.

இந்தக் கடைசிக் கருத்தின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன் பரத்வாஜ். அந்த நர்சிங் ஹோமில் 1990 முதல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அவன் பொறுப்பு. நந்தனம் கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் மூன்று வருஷம் என் பக்கத்து இருக்கை. என் அப்பா இறந்தபோது, சொந்தக்காரர்கள் வந்து சேரும் வரை ராத்திரி பூராவும் என்கூட உட்கார்ந்திருந்தவன்.

"வெளி ஆள் வேணும்டா சுப்பு. நீ தகுதி உள்ளவன், வேலையும் இல்லாம ஆத்துல ஒக்காந்துண்டிருக்கே. ஒரு மத்தியானம். அவ்ளோதான்."

"நீயும் வரியா?"

"நான் வந்தா அது வெளி ஆள் சர்வேயா? நன்னாருக்கே!"

சிரித்தான். நானும் சிரித்தேன்.

1.50 மணிக்குப் போனேன். கட்டடத்தை வாங்கப்போகும் அக்பர் பாஷா பின்பக்கத்து முற்றத்தில் இருந்தார். டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அவர் மனைவி நஸ்ருன்னிசா அங்கே நர்சரிப் பள்ளி தொடங்குகிறார்.

"நாப்பது பிள்ளைங்க சேந்தாச்சு சார். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. திங்கக்கிழமை காலையில ரிஜிஸ்ட்ரேஷன்."

முற்றத்து மூலையில் கதவு அகலத்துக்கு ஒரு சிமென்ட் மேடை. அதன்மேல் அவருடைய நாலு வயதுப் பெண் ரூஹி குதித்துக்கொண்டிருந்தாள்.

"ஊஞ்சல் இங்கயாப்பா?"

"இங்கதான் கண்ணு. கீழ விழுந்தா அடிபடாம மணல் கொட்டிரலாம்."

அவர்கள் கிளம்பிப் போனார்கள். காவலாளி வெள்ளைத்துரை கேட்டிலேயே நின்று சாவியை நீட்டினார். பதினேழு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர்.

"சீக்கிரம் முடிச்சிக்கினு வா சார். நா உள்ள வரமாட்டேன்."

"ஏன், பேய் இருக்கா?"

"பேயின்னா பரவால்ல, பேசி அனுப்பிறலாம். இது கண்ணுக்கே தெரியாதாமே! எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணுக்குக் கல்யாணம் கீது."

2.05. முதலில் இயற்கை அளவு. அதை எங்கே எடுக்க வேண்டும் என்று பரத்வாஜ் படமே வரைந்து கொடுத்திருந்தான். முற்றத்துச் சிமென்ட் மேடை. கதிர்வீச்சு மீட்டரை அதன்மேல் பிடித்தேன். டிக்டிக்டிக்... முள் 0.06-இல் நின்றது.

எனக்குத் தெரிந்து சென்னையில் இயற்கை அளவு 0.01, மிஞ்சினால் 0.02. ஆனால் இதையும் அவன் முன்பே சொல்லியிருந்தான். "அங்கே கொஞ்சம் கூடத்தான் காட்டும். கருங்கல் ஜல்லி போட்டது, கல்லுலயே இயற்கையா கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. பயந்துடாதே."

0.06 என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு உள்ளே. வரவேற்பறை 0.02. வார்டு 0.02. எல்லாம் வெளியே எடுத்ததைவிடக் குறைவு. சுத்தம்.

2.34. ரேடியம் அறை. கடைசியில் இருந்தது. ஒன்றரை அடி கான்கிரீட் சுவர். ஜன்னல் கிடையாது. ஈயப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுவும் தொட்டி மட்டும் சுவரோடு இருந்தது.

தொட்டியில் ஈரம்.

தண்ணீர் இணைப்பை வெட்டி இரண்டு வருஷம் ஆகிறது. குழாயைத் திருகிப் பார்த்தேன். காற்றுகூட வரவில்லை. விரலால் தொட்டேன். ஈரம்தான். யாரோ இப்போதுதான் கழுவிவிட்டுப் போனதுபோல. லேசாக ஸ்பிரிட் வாசனை.

வெள்ளைத்துரை வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர்தான் உள்ளே வர மாட்டாரே.

2.39. மின்சாரம் போனது.

டார்ச்சைப் போட்டேன். தொட்டியின் மேல் மீட்டரைப் பிடித்தேன். 0.05. வெளியே 0.06. ஒப்பிட்டால் இதுவும் சுத்தம். காகிதத்தைச் சுவரில் வைத்து எழுதினேன். ரேடியம் அறை, 0.05, 2.41.

அப்போதுதான் மீட்டரின் சத்தம் மாறியது.

கதிர்வீச்சு ஒழுங்காக வராது. மழைத்துளி மாதிரி முன்னே பின்னே விழும். இது அப்படி இல்லை. டிக். நிதானமாக. டிக். கடிகாரம் மாதிரி. டிக்.

நின்றது.

நான்கு நொடி, ஐந்து நொடி... ஒன்றும் இல்லை.

மறுபடியும் டிக். டிக். டிக்.

இந்த முறை எண்ணினேன். இருபத்து மூன்று. நின்றது.

மூன்றாம் முறை டிக்கோடு இன்னொரு சத்தமும் சேர்ந்தது. ணங். பீங்கான் தொட்டியில் சின்ன உலோகம் விழும் சத்தம். ணங். டார்ச்சைத் திருப்பினேன். தொட்டி காலி.

ணங்.

காலியான தொட்டிக்குள்ளிருந்து...

அதற்குமேல் ஒரு குரல். பெண் குரல். அலுத்துப்போன, வேலை முடித்து வீட்டுக்குப் போகக் காத்திருக்கிற குரல்.

"இருவது... இருவத்தியொண்ணு... இருவத்திரெண்டு... இருவத்திமூணு..."

எண்ணிக்கை அங்கேயே நின்றது.

"யாரது?"

டார்ச்சைச் சுற்றிலும் திருப்பிக் கேட்டேன்.

காதுக்குப் பக்கத்தில், மூச்சுப் படுகிற தூரத்தில்...

"ஒண்ணு கொறையுது சார்."

பேனா இழுத்துக்கொண்டு போனது அப்போதுதான்.

ஓடினேன். பின்பக்கக் கதவு.

தரையில் ஈரக் கால்தடம். வெறுங்கால். எனக்கு முன்னால்.

டார்ச் வெளிச்சத்தில் அடுத்த தடம் விழுந்தது.

அதற்கு அடுத்தது...

முற்றத்துக்கு வந்துவிட்டேன். வெயில். கொதிக்கிற தரை. அதிலும் ஈரத்தடம், சிமென்ட் மேடை வரை. மேடையின் நடுவில் இரண்டு பாதம் சேர்ந்து நின்றது. நான் பார்க்கப் பார்க்கக் காய்ந்து மறைந்தது.

எப்படிக் கேட்டுக்கு வந்தேன் என்று தெரியாது.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி?"

"வெயில்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று பயம். சிரிக்காமல் இருந்துவிடுவாரோ என்பது அதைவிடப் பயம்.

கால் போன போக்கில் நடந்து குளத்துக்கு வந்தேன். படியில் உட்கார்ந்தேன். மீட்டரை அணைக்கவே இல்லை, கையில் பேசிக்கொண்டிருந்தது. டிக்... டிக்டிக்... டிக். முன்னே பின்னே, ஒழுங்கில்லாமல். இப்படித்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் உயிர் வந்தது.

முள்ளைப் பார்த்தேன். 0.01.

நான் உட்கார்ந்திருந்தது கபாலீஸ்வரர் குளத்துப் படிக்கட்டில். சுற்றிலும், கீழே, மேலே எல்லாம் கருங்கல்.

மீட்டரைப் படியோடு ஒட்டிவைத்தேன். 0.01.

அரை அடி கனமான கருங்கல் காட்டாததை ஒரு கூடை கருங்கல் ஜல்லி எப்படிக் காட்டும்?

மேடைக்கு அடியில் ஏதோ இருந்தது. அந்த இடத்தைத்தான் 'சுத்தமான இடம்' என்று எனக்குப் படம் வரைந்து கொடுத்திருந்தான். அந்த 0.06-ஐ அளவுகோலாக வைத்தால் உள்ளே எல்லா அறையும் தேறிவிடும். மேடையை யாரும் தனியாக அளக்கவும் மாட்டார்கள். கட்டடம் சுத்தம் என்ற சான்றின் கீழே இருக்கப்போவது என் கையெழுத்து. மேடையின்மேல் ஊஞ்சல்.

மூலையில் எஸ்.டி.டி. பூத். 3.20. அடையாறில் அவன் வீட்டு எண்ணைச் சுழற்றினேன்.

"என்னடா, முடிச்சாச்சா? கையெழுத்துப் போட்டுட்டியோல்லியோ?"

"மேடைக்கு அடியில என்ன இருக்கு?"

பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.

"பரத்."

"ஒரே ஒரு ஊசிடா. நான் வர்றதுக்கு முன்னாலயே தொலைஞ்சது. ரிஜிஸ்தர்ல இருபத்திநாலுன்னு இருந்தது. வருஷா வருஷம் போன வருஷத்தைப் பாத்து நானும் இருபத்திநாலுன்னு எழுதிண்டே வந்தேன். பெட்டியத் திறந்து எண்ணவே இல்லை. மூடறச்சே சாக்கடையை இடிச்சா அதுல கிடக்கறது. உடைஞ்சு போய். அதுக்குள்ள இருபத்திநாலும் திருப்பி அனுப்பியாச்சுன்னு கவர்மென்ட்டுக்கு எழுதிட்டேன். என்ன பண்ணச் சொல்றே?"

"அங்க குழந்தைகள் விளையாடப்போறது."

"ஈயக் குடுவையில போட்டுத்தான் பொதைச்சிருக்கேன்."

"என்னை ஏன்டா கூப்பிட்டே? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

சாதாரணமாகச் சொன்னான்.

"வேற யாராயிருந்தாலும் அவா இஷ்டத்துக்கு இடம் பாத்து அளப்பா. நீ நான் சொன்ன இடத்துல அளப்பே."

போனை வைத்துவிட்டேன்.

அன்று மாலையே அக்பர் பாஷா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பத்திரப் பதிவு நின்றது. அதிகாரிகளுக்கு எழுதினேன். குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 0.06, 0.01, மேடை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 28, காலை 10.30. மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பரத்வாஜையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் தெருவிலேயே நின்றுகொண்டான். கடப்பாரை போட்டு நெம்பி மேடையைப் புரட்டினார்கள். அடியில் ஈயக் குடுவை. அதற்குள் உடைந்த ஊசி. வெள்ளைத்துரை தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

புரட்டிய மேடையின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதில் கோடுகள். ஆழமாக, விரல் பருமனில், வரிசை வரிசையாக. சிமென்ட் ஈரமாக இருந்தபோதே கீழேயிருந்து யாரோ பறண்டினதுபோல.

"எலியா இருக்கும்" என்றார் ஓர் அதிகாரி.

எல்லா வரிசையிலும் மூன்று மூன்று கோடு.

வெள்ளைத்துரை இரண்டடி பின்னால் போனார். வாயில் துண்டை வைத்துக்கொண்டார்.

"தேவானைம்மா சார்..."

"யாரு?"

"ஊசி கழுவுற ஆயா. எம்பத்திமூணுல ஒண்ணு காணாம பூட்ச்சின்னு, சாக்கடையில கைய வுட்டுத் தேடச் சொன்னாங்க. மூணு நாளு தேடிச்சி. அப்பால கை அழுகி ரெண்டு வெரலை எடுத்துட்டாங்க. திருடின்னு வேற சொல்லி அனுப்பிட்டாங்க. எம்பத்தாறுல செத்துப்பூட்ச்சி சார்."

பரத்வாஜ் அந்தச் சிமென்டைப் போட்டது 1995 ஜூனில். அதிகாரிகளிடம் அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

வெளியே வந்தேன். அவனைப் பார்க்காமல் தாண்டிப் போகத்தான் நினைத்தேன். அவன் கேட்டைத் தாண்டி ஓரடிகூட உள்ளே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சிமென்ட் போட்ட நாளிலிருந்து இரண்டு வருஷமாக அவன் அந்த வாசலை மிதித்ததே இல்லை என்று வெள்ளைத்துரை பின்னால் சொன்னார்.

என் கையைப் பிடித்தான். அவன் கை சில்லென்று இருந்தது. நான் அதுவரை யாரிடமும் சொல்லாததைக் கேட்டான்.

"உனக்கும் அவ குரல் கேட்டுதாடா?"