மூச்சு குறையும் வரிசை

தஞ்சோங் பகார் கப்பல் துறையில் நிலக்கரி சுமந்தவர்களில் மருதப்பனுக்கு நல்ல பெயர். கூடையோடு பலகையில் கால் வைத்தால் கப்பல் தளம் சேரும்வரை நிற்க மாட்டான். நாற்பதைத் தாண்டிய வருஷம் ஒருநாள் பாதிப் பலகையில் மூச்சு முட்டி நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். இருமல் அவனுக்குப் புதிதல்ல. காலையில் எழுந்ததும் கறுப்பாகச் சளி வரும். துப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். நடுவில் நின்றதுதான் அவனை மருந்துச் சாலைக்கு விரட்டியது.

அங்கே வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர் பரமசிவம் துறைமுக ஆட்களின் நெஞ்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"காசநோய் இல்லை, மருதப்பா. ஆனா குணமாகிற சீக்கும் இல்லை. கரித்தூசி நெஞ்சுக்குள்ள போய்க் குந்திக்கிட்டது. போகப் போகக் கூடத்தான் செய்யும்."

"எப்படிக் கூடும்னு தெரியுமா ஐயா?"

வருகிறவர்கள் எல்லாம் மருந்துதான் கேட்பார்கள். பரமசிவம் குழலைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"வரிசை தெரியும். முதல்ல மேடு ஏற முடியாது. அப்புறம் சுமை தூக்க முடியாது. பிறகு சமதரையிலேயே நின்னு நின்னு நடக்கணும். அப்புறம் பேச்சு துண்டு துண்டா வரும். கடைசியில குளிச்சு எழுந்திருக்கிறதே பெரிய வேலையாயிடும்."

"எத்தனை வருஷத்துல?"

"அது எனக்குத் தெரியாது. தூசியை விட்டா மெதுவா நடக்கும், விடாட்டி ஓடும்."

சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் மாடி அறையில் அவனும் மனைவியும் சின்ன மகளும் குடியிருந்தார்கள். மருதப்பன் வந்து ஒன்று விடாமல் சொன்னான். மனைவி ரத்தினம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"இந்த மாடிப்படியும் மேட்டுல சேர்த்திதானே?"

"ஆமா."

"அப்ப எது போகப்போகுதோ அதை நாமளே முன்கூட்டி விட்டுருவோம். அது வந்து பிடுங்கிற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

மாடியை விட்டார்கள்; கரியை விட்டான். மாட்டுத் தீவனம் விற்ற சேக் தாவூது தன் கடைக்குப் பின்னால் ஓர் அறையைக் கொடுத்து, தவிடு நிறுக்கும் வேலையும் கொடுத்தார். உட்கார்ந்த வேலைதான். ஆனால் சில வாரங்களில் மூச்சு விடும்போது நெஞ்சில் சீழ்க்கை கேட்டது. அதை முதலில் கவனித்தவர் முதலாளியே.

"தவிட்டுத் தூசியும் தூசிதான் அண்ணே. எனக்கு ஆள் வேணும்தான். அதுக்காக உங்க மூச்சைக் கேக்க முடியுமா? கடை முன்னால அஞ்சடியில இடம் கிடக்கு. அக்காவோட உக்காந்து பூக் கட்டுங்க."

ரத்தினம்மா அந்த அஞ்சடி நடைபாதையில் கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பூ விற்றுக்கொண்டிருந்தாள். மருதப்பனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "சேலை எப்ப கட்டப்போற?" என்று பழைய கூட்டாளி ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். சில நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே கட்டினான். ஆனால் ஈரப் பூவில் தூசி இல்லை. கூடைப்பிடியை இறுக்கிப் பழகிய விரலுக்கு நார் நன்றாகவே படிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவன் கட்டிய சரத்தையே கேட்டு வாங்கினார்கள். ஒருநாள் அவனே தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

பரமசிவமும் பூ வாங்க வருவார்.

"இப்ப எதுவரைக்கும் வந்திருக்கு?"

"கோயில் வாசல் வரைக்கும் ஒரே நடைதான் ஐயா," என்பான். சில வருஷம் கழித்து, "நடுவுல ஒரு தடவை நிக்கிறேன்," என்றான். பிறகு கோயிலுக்கு நடப்பதையே விட்டு, இருந்த இடத்திலிருந்து கும்பிடப் பழகிக்கொண்டான்.

பேச்சும் அவர் சொன்னபடியே துண்டானது. மீதியை ரத்தினம்மா முடித்து வைப்பாள், பெரும்பாலும் தப்பாக.

"தண்ணி..."

"தாகமா?"

"...பூவுக்குத் தெளின்னு... சொல்ல வந்தேன்."

அவன் சிரிப்பான், சிரிப்பு இருமலாகும். முதுகைத் தடவிக்கொண்டே அவளும் சிரிப்பாள்.

கரியை விட்டபோது மகள் லீலாவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அவளுக்குக் கல்யாணம் வந்தது. இரண்டு மாலைகளையும் மருதப்பனே கட்டினான். வேறு யாரையும் தொடவிடவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பரமசிவம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உன்கிட்ட சொல்லாம மனசுக்குள்ள ஒரு காலக்கணக்குப் போட்டு வச்சிருந்தேன். இந்தக் கல்யாணம் அதுல இல்லை. தப்பாப் போனதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்."

"வரிசை... சரியாத்தான் ஐயா... சொன்னீங்க. அதனாலதான்... முன்னாடியே... ஒதுங்கிக்கிட்டோம்."

பந்தியில் அவன் ஒவ்வொரு வாய்க்கும் மூச்சு வாங்கிச் சாப்பிட்டான். அவன் பாயசத்துக்கு வந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் இலையை மூடாமல் மழையைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அவர் எழாததால் வரிசையில் யாரும் எழுந்திருக்கவில்லை. மருதப்பன் அவசரப்படாமல் பாயசத்தை வழித்துச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினான்.