முன்பக்கத்தை எடுக்கணும்

என் பெரியம்மாவை எங்கள் தெருவில் காயிலம்மா என்றுதான் சொல்வார்கள். எரிந்துபோன மின்விசிறிகளுக்கும் தண்ணீர் மோட்டார்களுக்கும் காயில் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, பள்ளங்களில் காகிதம் செருகி, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக இறக்கி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் காய வைப்பார். எத்தனை சுற்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது. குறைந்தால் விசிறி சூடாகும், கூடினால் சோம்பேறித்தனமாகச் சுற்றும். அதனால் சுற்றும்போது பெரியம்மா பேசமாட்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள். தெரியாதவர்கள், "இந்தம்மாவுக்குக் காது கேக்காதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

காது நன்றாகவே கேட்கும். பயம்தான் அதிகம். கையில் கோப்போடு யாராவது தெருவுக்குள் வந்தால் அவர் உள்ளே போய்விடுவார். பெயர் அச்சடித்த கடித உறையைப் பிரிக்கவே மாட்டார். நான்தான் பிரித்துப் படித்துச் சொல்ல வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. அவருக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அவர்கள் குடியிருந்த வரிசையே இல்லை; கோப்போடு வந்தவர்கள் இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக் கதவு மட்டும் ரோட்டில் படுத்துக் கிடந்தது. அவர் அப்பா கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். மேசை, கருவிகள், ஊராருடைய கடிகாரங்கள் எல்லாம் இடிபாட்டுக்கு அடியில் போய்விட்டன. வீடு போனதுகூடப் பெரிதில்லை என்பார் பெரியம்மா. அதற்குப் பிறகு ஒரு வருடம், வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் அப்பாவை நிறுத்தி, "என் வாட்ச் என்னாச்சு?" என்று கேட்டார்கள். அப்பா வெளியே போகும்போதெல்லாம் இவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாராம். சின்னப் பெண்ணைப் பார்த்தாவது குரலைக் குறைப்பார்களே என்று.

அதனால்தான், பெரியப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து, வாசலுக்கு முன்னால் தொழிலுக்காகத் தகரக் கொட்டகை போட்டபோது, வெல்டிங் வைக்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்றார். எல்லாம் நட்டும் போல்ட்டும். ஒரு ஸ்பேனர் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் மொத்தத்தையும் கழற்றிவிடலாம்.

"இதென்ன கொட்டகையா, சர்க்கஸ் கூடாரமா?" என்று பெரியப்பா கேலி செய்வார். அவர் சரக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

எங்கள் நகரம் இப்போது வேகமாக வளர்கிறது. மாநகராட்சியும் தெருச் சங்கங்களும் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கின. மாநகராட்சி வடிகால் வெட்டி நடைபாதை போடும். எந்த வீட்டுக்கு முன்னால் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று பார்த்துப் பதிவு செய்து கொடுப்பது அந்தந்தத் தெருச் சங்கத்தின் பொறுப்பு. வடிகாலுக்காக முன்பக்கத்தை இழக்கிறவர்களுக்குப் பழைய பேருந்துப் பணிமனை இருந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிற வரிசையில் ஆளுக்கு ஓர் அறை. நல்ல திட்டம்தான். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் நல்ல திட்டமும் சத்தம் போட்டுக்கொண்டுதான் வருகிறது. மண் தோண்டும் இயந்திரம் முதலில் நான்கு தெரு தள்ளி உறுமியது. பிறகு மூன்று தெரு. அது உறுமும்போதெல்லாம் பெரியம்மா கணக்கை விட்டுவிட்டு முதலிலிருந்து சுற்றுவார்.

இதை விளக்குவதற்குச் சங்கம் கூட்டம் போட்டது. பெரியம்மா போகவில்லை. பெரியப்பா போய்விட்டு வந்தார்.

"என்னங்க சொன்னாங்க?"

"டீ நல்லா இருந்துச்சு."

"விளையாடாதீங்க."

"அறை தருவாங்களாம். முதல்ல ஆளுங்க வந்து பாப்பாங்களாம். நீ எதுக்கு நடுங்குறே? உன் முகத்தைப் பாத்தா அவங்கதான் நடுங்கணும்."

சொல்லிவிட்டு மறுநாளே லாரியோடு கிளம்பிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் மதியம். ஒரு வேலைக்கு மனு கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். கையில் பாதி சுற்றிய காயில். கம்பி தரையில் சுருண்டு கிடந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"மருந்துக்கடைக்காரர் வந்துட்டுப் போனாரு," என்றார். மருந்துக்கடைக்காரர்தான் எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர். "நான் எண்ணிக்கிட்டிருந்தேன். அவரு பாட்டுக்கு என்னென்னவோ பேசினாரு. எண்ணி முடிச்சு நிமிந்தா, 'நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு முன்பக்கத்தை எடுக்கணும்மா, தயாரா இருங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"எடுக்கணும்னா?"

"எடுக்கணும்னா எடுக்கணும்தான். வேறென்ன?"

எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. அப்போது அந்த இயந்திரம் பக்கத்துத் தெருவுக்கே வந்துவிட்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் 'எடுக்கணும்' என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் ஒரே அர்த்தம்தான் தோன்றும்.

"நான் கடைக்குப் போய் கேட்டுட்டு வரட்டுமா, பெரியம்மா?"

"வேணாம். கேக்கப் போனா ஞாபகம் வந்து இன்னைக்கே வந்துடுவாங்க."

"பெரியப்பாவுக்காவது ஃபோன் போடலாமே?"

"வண்டி ஓட்டிக்கிட்டே கத்துவாரு. எங்கயாவது கொண்டுபோய் முட்டிட்டா?"

அன்று மாலையே எல்லா விசிறிகளையும் வீட்டுக்குள் கொண்டுபோனோம். மொத்தம் பதினேழு, அதோடு மூன்று மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் யாருடையது என்று சீட்டு ஒட்டினார். ஒட்டிய சீட்டைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். கட்டில் மேல், அலமாரி மேல், சமையல் மேடைக்குக் கீழே எல்லாம் விசிறிகள். சாப்பிட உட்கார இடமில்லை. பெரியம்மா சாப்பிடவும் இல்லை.

விடிந்ததும் ஸ்பேனரை எடுத்தார். அவர் ஸ்டூலில் ஏறி நட்டைக் கழற்ற, நான் கீழே நின்று தகரத்தைத் தாங்கினேன். பயத்திலும் அவர் கை தப்பு செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் நட்டிலேயே திரும்பப் பூட்டி டப்பாவில் போட்டார். ஏழரை மணிக்கு வாசலில் தூண் நின்ற நான்கு குழிகள்தான் மிச்சம்.

எட்டு மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். கூடவே மாநகராட்சி இன்ஜினியர் அம்மா. சின்ன வயது, தலையில் மஞ்சள் தொப்பி. பின்னால் இயந்திரம் எதுவும் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் கையில் ஒரு ஃபோன் மட்டும் இருந்தது.

அவர் குழிகளைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார்.

"கொட்டகை எங்கம்மா?"

"எடுத்துட்டேங்க."

"எதுக்கு எடுத்தீங்க?"

"நீங்கதானே எடுக்கணும்னு சொன்னீங்க?"

மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ அம்மா! படம் எடுக்கணும்னு சொன்னேன்! அஞ்சு நிமிஷம் நின்னு சொன்னேனே! கொட்டகையோட படம் இருந்தாத்தான் அறை கிடைக்கும்னு தலை தலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னேனே!"

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்ப மாட்டிடறோம் சார்," என்றேன் நான். "ரெண்டு மணி நேரம் போதும்."

இன்ஜினியர் அம்மா தலையை ஆட்டினார். "அதைத்தான் செய்யக்கூடாது. போன வாரம் வேற ஒரு இடத்துல அறை கிடைக்கும்னு திடீர்னு இருபது கொட்டகை போட்டுட்டாங்க. இப்போ புதுசா மாட்டினதா இருந்தா பதிவு பண்ணக் கூடாதுன்னு உத்தரவு. இந்த நட்டெல்லாம் இப்பத்தான் திருகினதுன்னு பாத்தாலே தெரியும். உங்க தெருவுக்கு இன்னைக்குப் பன்னிரண்டு மணியோட பதிவு முடியுது."

"பன்னிரண்டு வருஷமா இங்கதான் தொழில் பண்றாங்க மேடம்," என்றார் மருந்துக்கடைக்காரர். "தெருவே கையெழுத்துப் போடும்."

"அந்த இருபது கொட்டகைக்கும் தெருவே கையெழுத்துப் போட்டுச்சு சார்."

வடிகால் எப்படியும் வரப்போகிறது. கொட்டகை எப்படியும் போகப்போகிறது. பதிலுக்குக் கிடைக்க வேண்டிய அறையைப் பெரியம்மா தன் கையாலேயே கழற்றித் தகரத்தோடு தகரமாகச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டார். பெரியம்மா அழவில்லை. "அவங்கவங்க விசிறியெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு," என்று யாரும் கேட்காததற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் அம்மா தன் படிவத்தை இரண்டு முறை படித்தார். பிறகு சொன்னார்: "இதுல கொட்டகைன்னு போடல. தொழில் நடக்கும் இடம்னுதான் போட்டிருக்கு. அம்மா, நீங்க இப்போ இங்க உக்காந்து வேலை செய்ய முடியுமா?"

"இங்கயா? வெட்டவெளியிலயா?"

"வெட்டவெளியிலதான். வேலை நடக்குதுன்னா அது தொழில் நடக்கும் இடம்."

மருந்துக்கடைக்காரருக்கு உயிர் வந்தது. "என் கடை விசிறியே உள்ள பத்து நாளாக் கிடக்கு. அதையே கொண்டாங்க. நானும் வேர்த்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்!"

நான்கு குழிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டேன். பெரியம்மா உட்கார்ந்தார். தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கம்பி அறுந்தது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி அறுந்தது. இத்தனை வருடத்தில் அவர் கையில் கம்பி அறுந்து நான் பார்த்ததில்லை.

"அம்மா, லேசா சிரிங்க," என்றார் மருந்துக்கடைக்காரர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு.

"சிரிக்கச் சொன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"சிரிக்க வேணாம்மா," என்றார் இன்ஜினியர் அம்மா. "யாரையும் பாக்காதீங்க. விசிறியை மட்டும் பாருங்க."

மூன்றாவது முறை கம்பி அறுந்துபோகவில்லை. உதடு அசையத் தொடங்கியது. படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நான் பிறகு பார்த்தேன். வெயில், நான்கு குழிகள், நடுவில் ஓர் அம்மா. பின்னால் சுவரில் கொட்டகை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பச்சையாகத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. மருந்துக்கடைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். பெரியம்மா பெயர் இருந்தது. பெயருக்கு எதிரே, 'திறந்தவெளித் தொழில். அரை அறை' என்று இருந்தது. கொட்டகை இருந்தவர்களுக்கெல்லாம் முழு அறை. ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் மனு கொடுக்கலாம் என்று கீழே எழுதியிருந்தது.

அன்று பெரியப்பா வீட்டில் இருந்தார். "ஊர் உலகத்துல ஸ்பேனர் வச்சுப் பாதி அறையைக் கழட்டிப் போட்டவ நீ ஒருத்திதான்," என்றார். பிறகு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு. மனு போடு. நானும் கூட வர்றேன்," என்றார்.

"போட்டா மறுபடி விசாரிப்பாங்க. விசாரிச்சா கொட்டகை இல்லைன்னுதானே தெரியும்? இந்தப் பாதியும் போயிடுச்சுன்னா?"

நான் மனுவை நல்ல கையெழுத்தில் எழுதினேன். ஆறு நாள் அது அலமாரியில் இருந்தது. ஏழாம் நாள் நானும் அவரும் மாநகராட்சி அலுவலக வாசல் வரை போனோம். உள்ளே யாரோ ஒரு கதவைப் படாரென்று சாத்தினார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துத் திரும்பினார். வீடு வரும் வரை விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை நினைத்தால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று இப்போதும் தெரியவில்லை.

போன திங்கட்கிழமை அறைக்குக் குடிபோனோம். நல்ல அறை. வெளிச்சம் இருக்கிறது, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. மறுபாதி குடை ரிப்பேர் செய்கிறவருக்கு. ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட்ட குடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆள் இருப்பதே தெரியாது. ஒரே பூட்டு, இரண்டு சாவி.

முதல் நாள் வேலை முடிந்ததும் பெரியம்மா விசிறிகளையெல்லாம் எண்ணினார். சீட்டுகளைச் சரிபார்த்தார். வெளியே வந்து கதவைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். வரிசையின் கடைசி வரை நடந்துவிட்டு, "இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடலாம்," என்று திரும்பினார். நானும் கூடவே நடந்தேன். கதவருகே போய்ப் பூட்டைத் தொட்டதும் உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது.

பெரியம்மா இரண்டடி பின்னால் தாவினார். "யாரது உள்ள?"

"மறுபாதிதாம்மா," என்றது குரல். "உங்க விசிறியெல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. என்னை முதல்ல திறந்து விடுங்க!"