மன்றக் கூடத்தில் துணி கட்டியது

கவுன்சிலரான பிறகு நடந்த முதல் கூட்டத்தில் நான் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. எங்கள் காலனியில் பெண்கள் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிப் போன பிறகுதான் குடிநீர் வருகிறது, நேரத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். மைக் இருந்தும் ஒவ்வொரு சொல்லும் மேலே போய் முட்டித் திரும்பி, அடுத்த சொல்லின் மேல் விழுந்தது.

“ஏனுங்க, ஒண்ணும் வெளங்குலீங்க. மறுக்காச் சொல்லுங்க,” என்றார் நகர்மன்றத் தலைவர்.

சத்தமாகச் சொன்னேன். இன்னும் மோசமாயிற்று. உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் நகராட்சி அலுவலகம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். முன்புறம் கருங்கல் தூண்களும் வளைவுகளும். கனத்த சுண்ணாம்புச் சுவர்கள், உயரத்தில் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் செங்கல் பாவிய மச்சு. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். பேச மட்டும் ஆகாது.

கூட்டம் முடிந்ததும் நகராட்சிப் பொறியாளரிடம் காரணம் கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். என்னைக் கூடத்துக்குள் அழைத்துப்போய் உத்தரங்களில் வரிசையாக இருந்த இரும்புக் கொக்கிகளைக் காட்டினார்.

“கரண்டு வரதுக்கு முன்னால இதுல நீள நீளமா துணி விசிறி தொங்கிருக்கும் மேடம். வெளியில ஆள் உக்காந்து கயித்த இழுக்கணும். அந்தத் துணி சத்தத்தையும் உறிஞ்சிருக்கும். அதக் கழட்டிட்டாங்கல்லா, அதான் இப்படி.”

“இப்பத் துணி கட்டுனா இந்த எதிரொலி நிக்குமுங்களா?”

“கனமான துணியா இருந்தா நிக்கும். ஆனா டெண்டர் விட்டு வாங்கணுமே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு பனியன் தைக்கிறவள். சந்தன நிறத்தில் வரவேண்டிய இன்டர்லாக் என்கிற கனத்த பின்னல் துணி, சாயத்தில் தவறி மஞ்சளாகி, ஏற்றுமதிக்கு ஆகாமல் ஷெட்டில் கிடந்தது. தலைவரிடம் அனுமதி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஷெட்டுப் பெண்கள் துணியை இரட்டையாக மடித்துத் தைத்துக் கொடுக்க, சாரம் கட்டி மாட்டினோம். கூடம் பார்ப்பதற்குக் கல்யாணப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. தண்ணீர் விஷயத்தை மறுபடி எடுத்தேன். பின்வரிசையில் ஒரு கவுன்சிலர் பக்கத்து ஆளிடம், “பனியன் தெக்கற பொம்பளைக்கு எதுக்குங்க இத்தன நாயம்?” என்று முணுமுணுத்தார். பழைய கூடமாக இருந்தால் அது அவர்களோடு போயிருக்கும். இப்போது தலைவர் வரைக்கும் கேட்டுவிட்டது. அவர் தலை தூக்கித் துணியைப் பார்த்தார்.

நான் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“தெக்கறவதானுங்க. காலைல எட்டுக்கெல்லாம் மிஷின்ல உக்காந்தாகோணும். அதுக்கு முன்னால தண்ணி உடச் சொல்றேனுங்க.”

விடிகாலையில் தண்ணீர் விடுவது என்று அன்றே தீர்மானமானது. வெளியே டீ குடிக்கும்போது அந்தக் கவுன்சிலர் வந்து, “மனசுல வெச்சுக்காதீங்கக்கா,” என்றார். சரிங்க என்றேன். வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே சாக்கடை வேலைக்கு அலைந்தோம்.

பொறியாளர் போன வருஷம் மாற்றலாகிப் போனார். புறவழிச்சாலையில் கண்ணாடி முகப்போடு புதிய அலுவலகம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பழையதைப் படிப்பகம் ஆக்கலாம் என்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. துணி இப்போதும் அங்கேயேதான் தொங்குகிறது.