சம்பங்கி தோண்டிய கோரை

சுரங்க இன்ஜினீயர் துரையின் பங்களாத் தோட்டத்தில் சம்பங்கி கூலிக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வட ஆற்காட்டிலிருந்து புருஷனோடு வந்தவள். அவன் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கி வேலை செய்தான். இவள் துரைசானியின் ரோஜாப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டாள். அவள் பாத்தியில் களை நின்றதாக யாரும் சொன்னதில்லை.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில் தோட்ட மேஸ்திரி ராஜப்பா பேத்தமங்களா ஏரியிலிருந்து வண்டி வண்டியாக வண்டல் அடித்தான். சம்பங்கி மண்ணை அள்ளிப் பார்த்தாள். உள்ளே கறுப்புக் கறுப்பாகக் கோரைக்கிழங்கு.

"மேஸ்திரி, சலிக்காம கொட்டாதீங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் போவாது."

"நீ இன்னா எனக்குப் பாடம் சொல்றியா? கொட்டு!"

கொட்டினார்கள். முதல் மழைக்கே ரோஜாவை மறைத்துக்கொண்டு கோரை எழுந்தது. பிடுங்கினால் தலை மட்டும் கையோடு வந்தது. நாலாம் நாள் மறுபடி விரல் நீளம் நின்றது. பிடுங்கிப் பிடுங்கி அவள் விரல்கள் வெடித்தன. ராஜப்பாவோ, இவள் மரத்தடியில் தூங்குகிறாள் என்று துரைசானியிடம் சொல்லிவிட்டான்.

காதில் விழுந்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கடப்பாரையை எடுத்தாள். ஒரு ரோஜாச் செடியை முழ ஆழத்து மண்ணோடு பெயர்த்து, கூடையில் தூக்கிப்போய், டீ குடித்துக்கொண்டிருந்த துரைசானியின் முன்னால் வராந்தாவில் கவிழ்த்தாள். நூல் வேரில் கிழங்கு கிழங்காகக் கோத்துக்கொண்டு கிடந்தது.

பட்லர் கொர்னேலியஸ் பதறி ஓடிவந்தார்.

"பட்லரே, நான் சொல்றத அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுங்க. ஒரு வார்த்த முழுங்கக் கூடாது. இத கொண்டாந்து கொட்னது மேஸ்திரி. வேணாம்னது நானு. தூங்கறவ கையா இது?"

இரண்டு கைகளையும் நீட்டினாள். கொர்னேலியஸ் எதையும் விழுங்கவில்லை. துரைசானி அந்தக் கைகளையே பார்த்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

"பாத்திய மொத்தமா தோண்டணும். மண்ண சலிச்சி, கிழங்க பொறுக்கிக் கொளுத்தணும்."

இரண்டு மாதம் தோண்டினாள். அங்கொன்று இங்கொன்று தலைகாட்டியதையும் கிழங்கோடு எடுத்தாள். மார்கழியில் பாத்தி சுத்தமாக நின்றபோது, எதுவும் அறியாத துரை ராஜப்பாவை மெச்சிப் புதுத் தலைப்பாகை கொடுத்தார். துரைசானி வாய் திறக்கவில்லை.

சம்பங்கி களைக்கொத்தை அங்கேயே எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கொர்னேலியஸ் இரண்டு தரம் வந்து கூப்பிட்டார்.

"பொய் சொன்ன வாயி வந்து கூப்பிடட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் துரைசானியின் உத்தரவில் ராஜப்பாவே அவள் குடியிருந்த கூலி லைனுக்கு வந்தான். அவள் கேட்டபடி, அக்கம்பக்கத்தார் முன்னால், தான் சொன்னது பொய் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவள் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் அன்று முதல் அவன் என்ன கேட்டாலும் கொர்னேலியஸிடம்தான் பதில் சொல்லி அனுப்பினாள்.