பெரிய நண்டாகப் பொறுக்கிய நாள்

போன வருடம் ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் நடந்தது இது, பிள்ளைகளே. கல்லூரியில் விலங்கியல் படிக்கும் என் மகள், கடல் உயிர்களைக் காக்கும் ஆராய்ச்சியில் ஒரு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தாள். விடிந்ததும் கரைக்கு வரும் படகுகளில் நண்டுகளை அளந்து எழுதவேண்டும். குட்டியும், வயிற்றில் முட்டையோடு இருக்கும் சினை நண்டும் எவ்வளவு சிக்குகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான்.

அவளை அழைத்துவர எங்கள் ஊர் விராலிமலையிலிருந்து போயிருந்தேன். பயிற்சியின் கடைசி நாள் காலையில் பார்த்தால் அவளுக்குக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. மறுநாள் மாலைக்குள் கல்லூரியில் அறிக்கை கொடுக்காவிட்டால் பயிற்சி முடித்ததாகவே ஆகாது. நான் எட்டாவதுதான் படித்தவன். ஆனாலும் நோட்டையும் அளவுகோலையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கூடையில் கைக்கு வருவதை அப்படியே அளக்கச் சொல்லி அனுப்பினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தைக்குக் கத்திரிக்காய் அனுப்பும்போது சொத்தையை ஒதுக்குவோமே, அதுபோலக் குட்டியையும் சினையையும் ஒதுக்கிவிட்டுப் பெரிய நண்டாகப் பார்த்து அளந்தேன். மகளின் நோட்டு நன்றாக இருக்கட்டுமே என்ற ஆசை. வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "என்னண்ணே, சம்பந்தி வீட்டுக்குக் குடுத்துவிடவா பொறுக்குறீங்க?" என்றார். நானும் சிரித்துக்கொண்டேன்.

நோட்டைப் பார்த்த மகள், "சினை ஒண்ணுகூடவா இல்லப்பா?" என்றாள். ஒதுக்கிவிட்டதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

"இதக் குடுத்தா குட்டியே சிக்கலைன்னு ஆயிரும்ப்பா. அப்புறம் அதுகள யாரு காப்பாத்துவா?"

பக்கம் முழுக்கக் குறுக்கே கோடு போட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது என்று கெஞ்சிப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்ல" என்றாள். உடனே அவளுடைய சாருக்குப் போன் செய்து, அப்பாவை அனுப்பியது தன் தவறு என்று ஒத்துக்கொண்டாள். மறுநாள் காலைப் படகுகளை அளந்து எழுதட்டும், ஆனால் அறிக்கை மாலைக்குள் வந்தாக வேண்டும் என்றார் அவர்.

மறுநாள் காய்ச்சல் முழுதாக விடவில்லை. என் துண்டைப் போர்த்திக்கொண்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதினாள். நான் கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து அளந்தேன். ஒரு குட்டி நண்டு என் விரலைக் கவ்விக்கொண்டது. "நேத்து ஒதுக்குனீங்கள்ல, அந்தக் கோவம்தான்" என்று சொல்லி அந்த அக்காதான் பிரித்துவிட்டார். அங்கிருந்து பஸ் மாறி மாறி, கல்லூரி பூட்டுவதற்கு அரைமணி நேரம் முன்னால் அறிக்கையைக் கொடுத்துவிட்டாள்.

பிள்ளைகளே, யாராவது உள்ளதைக் கேட்டால் நல்லதை மட்டும் பொறுக்கிக் காட்டத்தான் இன்றைக்கும் என் மனம் முந்துகிறது. அதை அதட்டி உட்காரவைக்க, காய்ச்சலோடு கடற்கரையில் உட்கார்ந்து எழுதிய என் மகளிடம்தான் கற்றுக்கொண்டேன்.