நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்

நகர்மன்றத்தில் முதல் நாளே அவரைப் பார்த்துச் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். தலைவர் "உட்காருங்க" என்றதும் உறுப்பினர்கள் எல்லோரும் உட்கார, இவர் மட்டும் தன் நாற்காலிக்குப் பின்னால் போய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலமெல்லாம் சலூனில் நின்றே பழகிய கால். பார்வையாளர் பெஞ்சில் இருந்த மனைவிக்கு முகம் சுண்டிப்போனது.

"என்ன சலூன்காரரே, நாற்காலிக்கு முடி வெட்டப் போறீங்களா?" என்றார் ஓர் உறுப்பினர்.

"முன்ன இருந்தவர் ரொம்ப வளர்த்துட்டுப் போயிருக்கார். கொஞ்சம் கத்தரிக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஜெயித்த பிறகும் கடையை மூடவில்லை. காலையில் கடை, பிற்பகலில் மன்றம். துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தே திட்டுவார்கள். "ஏம்ப்பா, சாக்கடை இந்த நாத்தம் நாறுது, உனக்கு மூக்கு இல்லையா?" என்பார் எதிர்வீட்டு டிரைவர். கையில் கத்தி இருந்தும் இவர் முடியை மட்டும்தான் வெட்டுவார். பிற்பகலில் அதே கேள்வியை மன்றத்தில் கேட்பார்.

எல்லாம் நடந்துவிடவில்லை. யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று தெரியாமல் அவருடைய தெருவிளக்கு மனு தூங்கியது. பழம் தின்று கொட்டை போட்ட கட்சிக்காரர் ஒருவர் ஒரே போனில் அதை முடித்துக்கொடுத்தார். அடுத்த தேர்தல் நெருங்கியதும் அவரே வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இது பகுதி நேர வேலை இல்ல. கடையை மூடிட்டு எங்ககூட வா. ஜெயிக்க வைக்கிறது என் பொறுப்பு."

அவர் போனதும் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். "சேர்ந்துடுங்களேன். காலெல்லாம் நரம்பு சுருட்டிக்கிட்டுக் கிடக்கு. இனியாவது உட்கார்ந்து பார்க்கிற வேலையா இருக்கட்டுமே."

"கடையை மூடிட்டா என்னை யாரு திட்டுவா? எல்லாரும் வணக்கம்தான் வைப்பாங்க."

தனியாகவே நின்றார். தோற்றார். இனி கடைக்கும் ஆள் வராது என்று மனைவி புலம்பினாள். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக வந்தது ஜெயித்த இளைஞன்தான். பதவியேற்புக்கு முடி வெட்ட வேண்டுமாம்.

துணியைக் கட்டி, தலையைச் சற்றுக் குனிய வைத்துவிட்டு, இவர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, சாக்கடை இந்த நாத்தம் நாறுது, உனக்கு மூக்கு இல்லையா?"

வாசலில் நின்றவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வருஷ மழைக்கு முன்பே சாக்கடைக்கு மூடி விழுந்தது. இப்போது அவர் இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் முதலில் அவள் சொல்வது அன்று காலை நடந்த கதையைத்தான். சொல்லும்போது முதுகு நிமிர்ந்துவிடுகிறது.