மூன்று கட்டையில் ஒரு வீடு

ஜூரோங்கிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது தபேலா வாசிக்கும் குமரேசன் அழைத்தார். “ஜெரால்ட் அண்ணன் போயிட்டாரு வாசுகி. மத்தியானம், தூக்கத்திலயே.” அதன்பின் கதவுகள் திறந்தன, மூடின. நான் இறங்க வேண்டிய தஞ்சோங் பகார் எப்போது கடந்தது என்று தெரியவில்லை.

எங்கள் மெல்லிசைக் குழுவில் அவரோடு மேடையேறியவர்களுக்குத் தெரியும்: கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கீபோர்டு வாசிப்பார். “கூட்டம் மங்கலாத் தெரியணும். அப்பதான் பாட்டு தெளிவாக் கேக்கும்” என்பார்.

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் என் முதல் மேடை, லிட்டில் இந்தியாவில் ஒரு திருமண வரவேற்பு. பழைய ஐந்து கட்டை சுருதியிலேயே பாடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சரணத்தில் மேல்சுரத்துக்குப் போனபோது வெறும் காற்றுதான் வந்தது. விளக்குகள் நீரில் மிதப்பதுபோல் ஆடின. அப்போது கீபோர்டிலிருந்து எங்கும் நிற்காத ஒரு நாதம் எழுந்தது. அது மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கமே நானும் போனேன். மூன்று கட்டையில் சரணம் தானாக வந்தது. மணமகளின் தந்தை, “அந்த எடத்துல என்னமா இறக்குனீங்க!” என்று வியந்தார்.

எனக்கோ அவமானம். மறுநாள் புக்கிட் மேராவில் அண்ணன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். “என்மேல பரிதாபமா அண்ணே?”

அவர் கீபோர்டில் நான்கு விரல்களை வைத்தார். “இந்தக் கார்டுக்குப் பேரு டிமினிஷ்ட் செவன்த். நாலு சுரத்துக்கும் நடுவுல ஒரே தூரம். எது வீடு, பாட்டு எங்க போய் நிக்கும்னு காதுக்குத் தெரியாது. இப்பக் கேளு.” ஒரு விரலை மட்டும் அரைச்சுரம் இறக்கினார். “டாமினண்ட் செவன்த் ஆயிடுச்சு. இது ஒரு வீட்டுக்குப் போயே ஆகணும்னு துடிக்கும்.” அந்த விரலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, வேறொன்றை இறக்கினார். வேறு வீடு. நான்கு விரல்களுக்கும் நான்கு வீடுகள்.

“நீ எங்க போவேன்னு எனக்குத் தெரியாதுலா. உன் மூச்சைக் கேட்டேன். கீழ போகும்னு தோணுச்சு, அந்த விரலை இறக்கினேன். பரிதாபப்பட நேரம் ஏது?”

சிரித்துவிட்டேன், உடனே அழுகையும் வந்தது. அவர் மனைவி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஒத்திகைக்குள் என் பாடல்கள் அனைத்தையும் மூன்று கட்டைக்கு மாற்றி எழுதியிருந்தார் அண்ணன்.

நேற்று அவர் உடலருகே, அவர் மனைவி கேட்டுக்கொண்டபடி ஒரு கீதம் பாடினேன். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. பாடியபோது குரல் தடுமாறவில்லை.

அண்ணன் எனக்கு விட்டுச்சென்றது இந்தக் குரல். இதை இறங்கிய குரல் என்று நான் சொல்வதில்லை.